வாதம் என்னும் ஒரு சொல்

வன்னி நிலத்தில் மூட்டு நோவாலும் தசைப் பிடிப்பாலும் வருந்துவோரை அணுகி, உமக்கு யாது நோய் என வினவின், பெரும்பாலோர் கூறும் விடை ஒன்றேயாம்: "வாதம்". முழங்கால் தேய்ந்தாலும் வாதம். முதுகு பிடித்தாலும் வாதம். காய்ச்சலின் பின் கைவிரல் வீங்கினாலும் வாதம். பல நோய்களை ஒரு பெயரால் வழங்குதல் சொற்குற்றம் மட்டுமன்று. உறுப்பிற்கும் உயிர்க்கும் கேடு பயப்பதாம். யான் மருத்துவன் அல்லேன், தமிழாசிரியன். ஆயினும், சொல்லும் பொருளும் பிறழுமிடத்தைச் சுட்டுதல் ஆசிரியன் கடனன்றோ?

நம் முன்னோர் இவ்வாறு மயங்கினாரல்லர். சித்த மருத்துவ நூலார் வாத நோயை எண்பது வகையாக விரித்துரைத்தனர். 1847 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே தமிழ் மொழியில் மருத்துவங் கற்பித்ததோடு, 'மனுஷ அங்காதிபாதம்' முதலிய நூல்களையுந் தமிழில் வெளியிட்டார். ஆதலின், இந்நோய்களைப் பகுத்துரைக்கத் தமிழ் போதாது என்பார் கூற்றுப் பொருந்தாது. குறை நம் கவனத்தின்கண் உள்ளது.

பகுத்தறிய வேண்டியவற்றுள் முதலாவது மூட்டுத் தேய்வு. இது பெரும்பாலும் நடுவயதைக் கடந்தோர்க்கு முழங்காலில் வருவது. நடக்க நோவும்; இருந்தால் தணியும்; காலை விறைப்பு அரைமணி நேரத்துள் நீங்கும். இதற்கு ஓய்வே மருந்து எனக் கருதுதல் தவறு. தொடைத்தசை வலுப்பெறின் முழங்காலின் சுமை குறையும். கதிரையில் இருந்தவாறே காலை நேரே நீட்டிச் சில நொடி நிறுத்திப் பின் தாழ்த்தும் எளிய பயிற்சியை நாடோறுஞ் செய்தலும், மிகையான உடல் நிறையைக் குறைத்தலும் பெரும்பயன் தரும்.

இரண்டாவது முடக்குவாதம். இது தேய்வன்று, உடலின் காப்பாற்றலே மூட்டினைப் பகைத்துத் தாக்குவது. ஆடவரினும் பெண்டிர்க்கே மிகுதியும் வரும். இரு கைகளினதும் சிறு மூட்டுகள் ஒருங்கே வீங்கும். காலை விறைப்பு ஒரு மணி நேரத்திற்கு மேலும் நீடிக்கும். இத்தகைய வீக்கம் ஆறு கிழமை நிலைப்பின், எண்ணெய் பூசிக் காலங்கழித்தல் ஆகாது. தொடக்கத்திலேயே மருத்துவஞ் செய்யின் விரல்கள் கோணாமற் காக்கலாம். இதற்கு வழங்கும் மெதொற்றெக்சேற்று என்னும் மாத்திரை கிழமைக்கு ஒரு நாள் மட்டும் உண்ணற்பாலது. நாடோறும் உண்டால் உயிர்க்கே இடராகும். வீட்டிலுள்ளோர் அனைவரும் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

மூன்றாவது இடுப்பு நோவு. மண்வெட்டி பிடிப்போரும், நெல்மூடை சுமப்போரும், முல்லைத்தீவுக் கரையிற் கரைவலை இழுப்போரும் இதனை நன்கறிவர். பெரும்பாலும் இது சில கிழமைகளில் தானே தணியும். பாயிற் கிடப்பதினும் இயன்றவளவு நடமாடுதலே நன்று. சுமை தூக்குங்கால் முதுகை வளையாது முழங்காலை மடக்கி, சுமையை உடலோடு அணைத்துத் தூக்குதல் வேண்டும். ஆயின், கால் வலுவிழத்தல், சிறுநீர் அடைபடுதல், இருக்கும் இடம் மரத்தல் ஆகியன தோன்றின் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். ஒரு மூட்டு மட்டும் சிவந்து வீங்கிச் சுட, உடன் காய்ச்சலும் வரினும் அவ்வாறே.

நான்காவது காய்ச்சலின் வழி வரும் மூட்டு நோவு. 2006 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வடக்குக் கிழக்கிலும் பரவிய சிக்குன்குனியாவை மறந்தாரிலர். காய்ச்சல் சில நாளில் நீங்கினும், பலர்க்கு மூட்டு நோவு மாதக்கணக்கில் நின்றது. நுளம்பினாற் பரவும் அந்நோயின் பெயரே, ஆபிரிக்க மக்கள் மொழியொன்றில், வளைந்து போதலைக் குறிப்பதாம்.

மாணவரைப் பற்றியது யாவற்றினும் முதன்மையானது. தொண்டை நோவு வந்து சில கிழமையின் பின், பிள்ளையின் ஒரு மூட்டில் நோவு தோன்றி மற்றொன்றிற்கு மாறுமாயின், அது வாதக் காய்ச்சலாதல் கூடும். மூட்டு நோவு வந்த சுவடின்றிப் போய்விடும். ஆயின் இதயத்தின் வால்வுகளிற் பழுது நிலைத்துவிடும். உரிய காலத்தில் அறிந்து, மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை பென்சிலின் ஊசியிடின் நோய் மீள வாராது தடுக்கலாம். "வளர்கின்ற பிள்ளைக்கு வரும் நோவு" எனப் பெற்றோரும், "விளையாட்டுக்கு அஞ்சிய சாட்டு" என ஆசிரியரும் இதனைத் தள்ளிவிடலாகாது.

இனி மாத்திரை பற்றிய என் கருத்தை வெளிப்படக் கூறுவேன். டைக்குளோபினாக், இபுபுறூபன் முதலிய நோவடக்கிகளைத் தாமே கடையில் வாங்கி உண்ணும் வழக்கம் கொடிது. இவை வயிற்றைப் புண்படுத்தும், சிறுநீரகத்தையும் பழுதாக்கும். நாம் வாழும் நிலம் எத்தகையது? 1990 களில் வடமத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்ட, காரணந் தெளியாத நீடித்த சிறுநீரக நோய், வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளிலும் உள்ளது. வெயிலில் நீரின்றி உழைத்து மாலையில் இம்மாத்திரையை விழுங்குங் கமக்காரர், முழங்காலுக்கு நலந்தேடிச் சிறுநீரகத்தை இழத்தல் தகுமோ? அவர்மேற் பழி கூறுதல் என் கருத்தன்று. வைத்தியசாலை செல்ல ஒருநாட் கூலி போம். பேருந்துக் காசும் வேண்டும். கடையோ அருகில் உளது. ஆதலின் அவரைக் கடிவதினும், அறிவை அவர் வாயிலிற் கொண்டு சேர்ப்பதே நம் கடன்.

பழைய முறைகளையெல்லாம் தள்ளுக என்று கூறுகின்றேன் அல்லேன். கிளிநொச்சி என்னும் ஊர்ப்பெயரிலேயே நொச்சி நிற்கின்றது. நொச்சியிலை ஒத்தடமும் உப்பொத்தடமும் தசைப்பிடிப்பிற்கு இதந் தருவன, பழித்தற்குரியன அல்ல. ஆயின், சிவந்து சுடும் வீக்கத்தை அழுத்தி உருவுதலும், முறிவென ஐயமுள்ள உறுப்பைப் படம் எடுத்துப் பாராது கட்டுதலும் தீது. திருக்குறளின் 95 ஆம் அதிகாரம் 'மருந்து' என்பது. அதுவும் நோயை ஆராய்ந்தறிதலை முன்வைத்தே மருத்துவத்தைப் பேசுகின்றது.

பழைய மாணவராகிய அன்பர்காள்! கல்லூரிக்குக் கட்டடம் எழுப்புதல் நற்பணியே. அதனோடு ஒரு சிறு பணியையும் மேற்கொள்ள வேண்டுகின்றேன். தவணைக்கு ஒருநாள் மருத்துவர் ஒருவரையும் இயன்மருத்துவர் ஒருவரையும் கல்லூரி மண்டபத்திற்கு அழைத்துத் தமிழிற் பேசச் செய்யுங்கள். நம் மருத்துவமனைகளிற் பணிபுரியும் பழைய மாணவர் இதற்கு முன்வருதல் தகும். அவர் கூறுவனவற்றை மாணவர் ஒரு தாளில் எழுதி, கமக்காரர் அமைப்பின் கட்டடத்திலும் கடைத்தெருவிலும் ஒட்டட்டும். நோயின் பெயர், அதன் குறி, உடனே வைத்தியசாலை செல்லவேண்டிய நிலை என்னும் மூன்றும் அத்தாளில் இருந்தாற் போதும். எழுத்துப்பிழை திருத்தும் வேலையை யான் ஏற்பேன்.