அடிமை சொன்னதும் ஆண்டை சொல்வதும்

எபிக்டெடசைப் புகழும் மேலதிகாரிகள் பெருகிவிட்டனர். உன் கையில் உள்ளது எது, இல்லாதது எது என்று பிரித்துப் பார், இல்லாததை எண்ணிக் கலங்காதே என்ற அவருடைய போதனை, இன்று நிறுவனங்களின் பயிற்சி வகுப்பிலே பாடமாகிறது. நல்ல போதனைதான், நாம் மறுக்கவில்லை. ஆனால் யாருக்கு யார் போதிப்பது?

எபிக்டெடஸ் அடிமையாக வாழ்ந்தவர். ரோமாபுரியிலே அவருடைய ஆண்டை எபாஃப்ரோடிடஸ். (அந்தச் சீமானும் முன்னாள் அடிமையே! ஏறி வந்த ஏணியை மறப்பவர் எக்காலத்தும் உண்டு.) உடல் பிறருக்கு உடைமையானபோது, உள்ளத்தையாவது காத்துக்கொள்ள உதவிய நெறி அது. சாட்டை பிடித்தவன் அதையே ஓதினால் அதற்குப் பெயர் தத்துவமா, தந்திரமா?

செனகாவும் அதே ஸ்டோயிக் நெறியினர்தாம். நீரோ மன்னனின் ஆலோசகர், பெருஞ்செல்வர், அடிமைகளும் மனிதரே என்று பின்னாளில் உருக்கமாக எழுதியவர். கி.பி. 61இல் ரோமாபுரியின் நகரத் தலைவர் பெடானியஸ் செக்குண்டஸ் தம் அடிமை ஒருவனால் கொல்லப்பட்டார். அப்படியானால் அவ்வீட்டு அடிமைகள் அனைவரும் சாகவேண்டும் என்பது பழைய வழக்கம். 400 பேர்! பெண்டிரும் பிள்ளைகளும் அதில் அடக்கம். அச்சம் ஒன்றே அடிமைகளை அடக்கும் என்று செனட் சபையிலே காசியஸ் வாதாடினார்; வென்றார். செனகா வாய் திறந்ததாக டாசிடஸ் எழுதிய வரலாற்றிலே ஒரு வரி இல்லை. கல்லும் தீப்பந்தமும் ஏந்தித் திரண்டவர் யார்? ரோமாபுரியின் ஏழை எளியவர்! நீரோ வழிநெடுகப் பட்டாளத்தை நிறுத்தினான். 400 பேரும் மாண்டனர்.

மரணத்துக்கும் முதுமைக்கும் கலங்காதே என்றால் கேட்டுக்கொள்வோம். வேலை நேரம் அப்படிப்பட்டதா? தனியே நின்ற தொழிலாளிக்கு அது கையில் இல்லாததுதான். பல்லாயிரவர் கூடிக் கேட்டனர், வேலைநிறுத்தம் செய்தனர், சிறை சென்றனர். 1919இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கையே ஆலைகளில் நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டிற்று. கையில் இல்லாதது கைக்கு வந்தது!

ஆகவே தோழர்களே, பயிற்சி வகுப்பிலே எபிக்டெடஸ் பெயரைச் சொன்னால் மரியாதையோடு கேளுங்கள். முடிந்ததும் எழுந்து, இந்த ஆண்டுச் சம்பள உயர்வு யார் கையில் உள்ளது என்று மட்டும் கேளுங்கள்.