மூச்சோடு மனத்தையும் காத்திடுக

கொரோனாப் பெருந்தொற்று தணிந்து ஆண்டுகள் சில கடந்துவிட்டன. மாண்டோரின் கணக்கை நாடு எடுத்தது. முன்னரே மூச்சு நோயால் நலிந்திருந்தோர் மனத்தில் அது ஏற்படுத்திய காயத்தையோ எவரும் கணக்கிடவில்லை. திருவள்ளூர் மாவட்டத்தில் ஆரணியாற்றங்கரையிலுள்ள ஆரணிக்கும், கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தைச் சூழ்ந்த ஊர்களுக்கும் இது அயலார் துயரன்று. இரும்பு உருக்காலைகளின் வெம்மையிலும் தூசியிலும் உழைத்து வாழும் வட்டாரம் இது. இங்கு மூச்சு தளர்ந்தால் வாழ்வே தளரும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு பிறந்ததும் இந்நோயாளிகள் இழந்தவை பல. மூச்சுத்திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை, தொற்றைப் பரப்பக்கூடும் என்னும் அச்சத்தால் பல இடங்களில் நிறுத்தப்பட்டது. நெபுலைசர் வைப்பதற்கும் அதே தயக்கம். காசநோயைக் கண்டறியும் கருவிகள் கொரோனா சோதனைக்குத் திருப்பப்பட்டன. 2019இல் நாட்டில் பதிவான காசநோயாளிகள் 24 இலட்சத்துக்கு மேல். 2020இல் ஏறத்தாழ 18 இலட்சம். நோய் குறைந்ததால் வந்த சரிவன்று இது. நோயாளிகள் கண்டறியப்படாமற்போனதன் விளைவு.

அவர்கள் ஏன் வெளிவரவில்லை? இருமலே அந்நாளில் குற்றமாயிற்று. பேருந்தில் ஒருவர் இருமினால் பக்கத்து இருக்கை காலியாகும். வாசலில் தனிமைப்படுத்தல் அறிவிப்பை ஒட்டிவிடுவார்களோ என்று நடுங்கி, இருமலை விழுங்கிக்கொண்டு வீட்டுக்குள் முடங்கியோர் உண்டு.

இரண்டாம் அலையின்போது, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் வீடுதோறும் புகுந்தது. 94க்குக் கீழே இறங்கினால் மருத்துவமனைக்கு விரையுங்கள் என்பது பொது அறிவுரை. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயால் நலிந்தோர் பலருக்கோ 90, 92 என்பதே வழக்கமான அளவு. இதை அவர்களுக்கு எடுத்துச்சொல்வார் இல்லை. நள்ளிரவில் அவ்வெண்ணைக் கண்டு, இறுதி நெருங்கிற்று என்று கலங்கியோர் நிலையை எண்ணிப் பாருங்கள்.

அச்சம் மனத்தோடு நிற்பதில்லை. அஞ்சுவோர் விரைந்து மூச்சுவிடுவர். சுருங்கிய மூச்சுக்குழல்களில், உள்ளே சென்ற காற்று முழுதும் வெளியேறுமுன் அடுத்த மூச்சு புகுந்து நெஞ்சு அடைக்கும். அவ்வடைப்பு அச்சத்தை மேலும் வளர்க்கும். ஆதலால் மனச்சோர்வும் பதற்றமும் இந்நோயின் ஒரு கூறாகவே கருதத்தக்கவை. பெருந்தொற்றின் முதலாண்டில் பதற்றமும் மனச்சோர்வும் உலகெங்கும் 25 விழுக்காடு பெருகியதாக உலக நலவாழ்வு அமைப்பு 2022இல் அறிவித்தது. முன்னரே மூச்சுக்குப் போராடியவர்களை அச்சுமை எவ்வாறு அழுத்தியிருக்கும்!

வழிகாட்டத் தமிழகத்துக்குத் தகுதி உண்டு. காசநோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரிக்காமல் வீட்டிலேயே வைத்து மருந்தளித்துக் குணமாக்கலாம் என்பதை, 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஆய்வே உலகுக்கு மெய்ப்பித்தது. ஒதுக்கிவைத்தல் மருத்துவம் ஆகாது என்னும் அப்பாடத்தைப் பெருந்தொற்றின் பதற்றத்தில் நாம் மறந்தோம்.

இனியேனும் செய்யவேண்டுவன தெளிவு. இன்ஹேலருக்காகவும் காசநோய் மருந்துக்காகவும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவோரிடம், உறக்கம் உண்டா, வாழ்வில் நாட்டம் உண்டா என்று தவறாமல் கேட்டறிதல் வேண்டும். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் களப்பணியாளர்கள் வீடு தேடிச் செல்கையில் இவ்வினாக்களையும் உடன்கொண்டு செல்லட்டும். தேவைப்படுவோரை மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் சேர்ப்பித்தல் வேண்டும். 14416 என்னும் கட்டணமில்லா மனநல உதவி எண், மருந்துச் சீட்டிலும் ஆலை வாயிலிலும் தமிழோடு இந்தியிலும் ஒடியாவிலும் பொறிக்கப்படல் வேண்டும். புலம்பெயர்ந்து வந்த தொழிலாளரின் நுரையீரலும் நம் பொறுப்பே. மூச்சுப் பயிற்சியும் ஆற்றுப்படுத்தலும் இணைந்த மறுவாழ்வுப் பிரிவு திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முழு வலிவோடு இயங்குதல் வேண்டும்.

இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை; மனமே வேண்டும். அடுத்த பெருந்தொற்று நாள் குறித்து வருவதில்லை. அது வருமுன் இந்த ஏற்பாடுகளை நிலைநிறுத்துவது அரசின் கடன், ஆலைகளின் கடன், இருமுபவரைக் கண்டு முகம் திருப்பாதிருப்பது நம் ஒவ்வொருவரின் கடன்.