சேய்மைத் தொழிலும் அண்மைப் பயிற்சியும்

தொழில்கள் இருவகைப்படும். செய்பொருளின் அருகிலிருந்தே செய்தற்குரியன ஒருவகை. சேய்மையிலிருந்தும் செய்தற்கியல்வன மற்றொருவகை. குயவன் மண்ணை விட்டகன்று குடம் வனைதல் இயலாது. கணக்கனோ கடையிலிருந்தும் கணக்கெழுதலாம், வீட்டிலிருந்தும் எழுதலாம். மூளையையும் நரம்பையும் பற்றிய ஆராய்ச்சியும், நோயாளரிடத்து மருந்துகளைச் சோதித்தறியும் ஆராய்ச்சியும் அண்மைக்காலம் வரையில் முதல்வகையைச் சார்ந்தனவாகவே கருதப்பட்டு வந்தன. இப்பொழுதோ அவற்றின் ஒரு பெரும்பகுதி இரண்டாம் வகைக்கு மாறிவருகின்றது. இம்மாறுதல் நம் மாணவர்க்கு நன்மையோ தீமையோ என்பதைச் சிறிது ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சிக்கு என்னைத் தூண்டியது ஒரு வினா. சென்ற ஆண்டிறுதியில், நம் கல்லூரியில் உயிரியல் பயின்று முடித்த மாணவி ஒருவர் என்னிடம் வந்து, "ஐயா, எனக்கு இரண்டு வேலைகள் கிடைக்கும்போல் இருக்கின்றன. ஒன்று, மருத்துவமனையொன்றில் ஆராய்ச்சி ஒருங்கிணைப்பாளர் வேலை, சம்பளம் குறைவு, நாடோறும் போய்வரல் வேண்டும். மற்றொன்று, வீட்டிலிருந்தே கணினி வாயிலாக மூளைப் படங்களைச் சரிபார்க்கும் வேலை, சம்பளம் மிகுதி. எதனை ஏற்கலாம்?" என்று வினவினார். யான் சற்றும் எண்ணாமல், "மருத்துவமனைக்கே போ, அம்மா" என்றேன். அதற்கு அவர், "வீட்டில் தாயார் பார்க்கின்ஸன் நோயால் வருந்துகின்றார்கள், ஐயா, அவர்களை விட்டுப் பகல் முழுதும் அகலுதல் அரிது" என்றார். யான் விடைகூற இயலாது நின்றேன். அன்று கூறத் தவறிய விடையை இன்று எழுத முயல்கின்றேன்.

முதற்கண், சேய்மைத் தொழிலின் சிறப்பை மறுத்தல் நேர்மையாகாது. 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் பழ ஈயின் முழு மூளையின் நரம்பிணைப்புப் படம் வெளியாயிற்று. ஏறக்குறைய 1,39,000 நரம்பணுக்களும், அவற்றிடையே 5 கோடிக்கு மேற்பட்ட இணைப்புக்களும் அதில் அடங்கும். மிக மெல்லிய சீவல்களாக அரிந்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியிற் படமெடுத்த அம்மூளையைக் கணினி முதலிற் கூறுபடுத்திக் காட்டிற்று. கணினி செய்த பிழைகளைத் திருத்தியோர் பல நாட்டு ஆய்வாளரும், தத்தம் இல்லத்திலிருந்தே உழைத்த தொண்டரும் ஆவர். அவருட் பலர் அவ்வீயைக் கண்டதேயில்லை. நம் சென்னையிலும், இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையத்தார், கருக்குழவிகளின் மூளையை 5,000-க்கு மேற்பட்ட சீவல்களாகப் படமெடுத்து, "தரணி" என்னும் பெயரால் 2024 டிசம்பரில் யாவரும் விலையின்றிக் காணுமாறு இணையத்தில் வைத்தனர். சிற்றூரிலிருக்கும் மாணவரும் அதனைக் காணலாம். இஃது எம் இளமையில் கனவிலும் எண்ணவொண்ணாத பேறு.

மருந்தாராய்ச்சியிலும் இவ்வாறே. முன்னர்க் கண்காணிப்பாளர் ஊரூராகச் சென்று, மருத்துவமனைதோறும் நோயாளர் குறிப்புக்களையும் ஆராய்ச்சிப் படிவங்களையும் வரிவரியாக ஒப்புநோக்குவர். 2013-இல் அமெரிக்க நாட்டு உணவு மருந்து ஆட்சித்துறையும், 2016-இல் திருத்தப்பெற்ற பன்னாட்டு நெறிமுறையும், எல்லாவிடத்தினின்றும் வரும் குறிப்புக்களை ஓரிடத்திலிருந்தே கண்காணித்தலை ஊக்கின. இதன் பயன் சிறிதன்று. ஒரு மருத்துவமனையில் நோயாளர் அனைவர்க்கும் இரத்த அழுத்தம் ஒரே எண்ணாக எழுதப்பட்டிருப்பின், அங்கமர்ந்து ஒவ்வோர் ஏடாகப் புரட்டுவார்க்கு அது தோன்றாதொழியலாம்; பல மருத்துவமனைகளின் எண்களை ஒருங்கே வைத்துக் காண்பார்க்கு உடனே தோன்றும். 2020-இல் கொரோனாக் கொள்ளைநோய் பரவிய காலத்து, நோயாளரை வரவழைக்க இயலாமையின், தொலைபேசியும் காணொலியும் பல ஆராய்ச்சிகளை அழியாமற் காத்தன. 2024-இல் அவ்வமெரிக்க ஆட்சித்துறையே, நோயாளர் தம் இல்லத்திலிருந்தே பங்கு பெறுதற்கான நெறிகளை முடிவாக வகுத்து வெளியிட்டது.

ஆயினும், சேய்மையிற் புலப்படாதன சில உள. மேற்கூறிய பார்க்கின்ஸன் நோயையே எடுத்துக்கொள்வோம். அதனை மதிப்பிடுதற்குப் பல நாடுகளிலும் வழங்கும் அளவுகோல் ஒன்று உண்டு. விரல் தட்டுதல், நடை, முகத்தின் அசைவு, கை நடுக்கம் ஆகியவற்றைத் திரையிற் கண்டே மதிப்பிடலாம். தசையின் விறைப்பை அறிதற்கோ, மருத்துவர் நோயாளரின் கையைத் தம் கையாற்பற்றி மடக்கியும் நீட்டியும் பார்த்தல் வேண்டும். நிற்கும் உறுதியை அறிதற்கு, நோயாளரின் பின்னே நின்று தோளைப்பற்றிச் சடக்கென இழுத்து, அவர் எத்தனை அடி பின்வாங்குகின்றார் எனக் காணல் வேண்டும். விழாமல் தாங்கவும் வேண்டும். திரை வாயிலாக இவ்விரண்டும் இயலாமையின், சேய்மை மதிப்பீட்டில் இவற்றை விட்டுவிடுகின்றனர். விட்டது இன்னதென்று அறிந்து விடுவார்க்குத் தீங்கில்லை. இவை உளவென்பதையே அறியாதார்க்கோ, திரையிற் கண்டதே நோய் முழுதுமாகத் தோன்றும்.

எம்.ஆர்.ஐ. படங்களும் இதற்கு விலக்கல்ல. கருவியினுட் படுத்திருப்பவர் தலையைச் சிறிதே அசைத்தாலும், மூளையின் பகுதிகளிடையே இல்லாத தொடர்பு உள்ளதுபோலத் தோன்றக்கூடும் என்பதை 2012-இல் ஆராய்ச்சியாளர் விளக்கினர். அக்கருவியின் பக்கத்தில் நின்று, "அசையாதே, தம்பி, இன்னும் ஐந்து நிமிஷந்தான்" என்று ஒரு சிறுவனைத் தேற்றியவர், பின்னர் எண்களிடையே விந்தையொன்றைக் காணின், முதலில் அச்சிறுவனை நினைப்பார். அப்பழக்கமில்லாதவர், புதிய உண்மை கண்டதாக மகிழ்வார். 2020-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்றில், 108 பேரிடம் பெற்ற ஒரே மூளைப் படத்தொகுதியை 70 குழுவினர் தனித்தனியே ஆராய்ந்து, ஒன்பது வினாக்கட்கு விடையளித்தனர். எவ்விரு குழுவினரும் முற்றும் ஒரே முறையைக் கையாளவில்லை. சில வினாக்கட்கு விடைகளும் பெரிதும் மாறுபட்டன. எண்கள் தாமே பேசுவனவல்ல என்பது இதனாற் போதரும்.

அண்மை, சேய்மை என்னும் இவ்விரண்டின் இயைபையும் ஒருவர் வரலாற்றிலேயே காணலாம். 1953-இல் அமெரிக்காவிலுள்ள ஹார்ட்ஃபோர்டு நகரில், ஹென்றி மொலேசன் என்னும் இளைஞர்க்கு வலிப்பு நோய் நீங்குதற்பொருட்டு மூளையின் இருபுறத்தும் சிறுபகுதி அகற்றப்பட்டது. வலிப்புக் குறைந்தது, ஆயின், புதியதொன்றை நினைவில் இருத்தும் ஆற்றல் ஒழிந்தது. கனடா நாட்டு மான்ட்ரீல் நகரிலிருந்து பிரெண்டா மில்னர் என்னும் அம்மையார் இரயிலேறி அவரைக் காணச் சென்றார். பின்னும் சென்றார், செல்லுந்தோறும் மொலேசன் அவரைப் புதியவராகவே எண்ணினார். கண்ணாடியில் தம் கையைப் பார்த்துக்கொண்டே நட்சத்திர உருவொன்றை வரையும் பயிற்சியை அவ்வம்மையார் மூன்று நாட்கள் செய்வித்தார். முன்னாளிற் செய்தது மொலேசனுக்கு நினைவில்லை. ஆனால், அவர் கை நாளுக்குநாள் திருந்திற்று. நினைவு ஒன்றன்று, பலவகைத்து என்பது, ஒருவர் மேசையருகே மற்றொருவர் பொறுமையோடு அமர்ந்திருந்தமையால் விளங்கிற்று. மொலேசன் 2008-இல் இறந்தார். 2009 டிசம்பரில் கலிபோர்னியாவில் அவர் மூளை 2,401 சீவல்களாக அரியப்பட்டது. அரிவதை உலகின் பலவிடத்து மக்கள் தம் இல்லத்திலிருந்தே இணையத்திற் கண்டனர். அச்சீவல்கள் அவர்கட்குப் பொருளுடையனவாயினமைக்குக் காரணம் யாது? மில்னர் அம்மையார் முன்பு ஏறிச்சென்ற இரயிலே.

ஆதலின் யான் கொண்ட முடிபு இது: சேய்மைத் தொழில் தீதன்று, அண்மைப் பயிற்சியின்றித் தொடங்கும் சேய்மைத் தொழிலே தீது. "இவ்வாறு விதிப்பின், இல்லத்தை விட்டகல இயலாத மகளிர்க்கும், உடற்குறையுடையார்க்கும் வழியடைப்பதாகாதோ?" என்று வினவுவார் உளர். வினா நியாயமானதே. பயிற்சி தேடும் சுமையை அவர் தலைமீது ஏற்றின், வழியடைத்தலேயாம். அச்சுமை வேலை தருவார்க்குரியது. வீட்டிலிருந்து படம் பார்ப்பாரை வேலைக்கமர்த்தும் நிலையத்தார், முதற் சில மாதங்களிலேனும், கிழமைக்கு ஒரு நாளேனும், சம்பளத்தோடு அவரைக் கருவியின் பக்கத்திலும் நோயாளர் கட்டிலருகிலும் நிற்கச் செய்தல் வேண்டும். வெளியே வர இயலாதார்க்கு, அனுபவமுடையார் ஒருவரை அவரில்லத்துக்கு அனுப்பிப் பயிற்றுதல் வேண்டும். நம் கல்லூரிக்கும் இதிற் பங்குண்டு. உயிரியல், உளநூல் மாணவர் விடுமுறைக் காலத்தில் சில வாரம் அருகிலுள்ள மருத்துவமனையில் நரம்பு நோய்ப் பகுதியிற் பணிசெய்ய ஏற்பாடு செய்தல் அரிதன்று. மருத்துவமனைகளில் உயர்ந்த பதவி வகிக்கும் நம் பழைய மாணவர், ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இருவரை ஏற்பினும் போதும்.

சில நாட்களின்பின் அம்மாணவியாரை மீண்டும் கண்டேன். விறைப்பை மருத்துவர் கையாற்பற்றி அறியும் முறையை விளக்கத் தொடங்கினேன். அவர், "அறிவேன், ஐயா. காலையில் அம்மாவுக்கு இரவிக்கை அணிவிக்கும்போது கை மடங்காது. மருந்து கொடுத்துச் சிறிது நேரம் பொறுத்தால் மடங்கும். அதனால் இப்பொழுது மருந்து கொடுத்தபின்னரே அணிவிக்கின்றேன்" என்றார். யான் நூலிற் கற்றதை அவர் நாடோறும் தம் கையால் அறிந்திருந்தார். அண்மைப் பயிற்சி இல்லாதவர் என்று அவரை யான் கருதியது பிழை.

அவர் வீட்டிலிருந்து செய்யும் வேலையையே ஏற்றார். சனிக்கிழமைதோறும் சிற்றன்னையார் தாயாரைப் பார்த்துக்கொள்ள, நம் பழைய மாணவரான மருத்துவர் ஒருவரிடம் சென்று, நோயாளரைக் கண்டு பழகிவருகின்றார். இவ்வேற்பாட்டைத் தாமே தேடிக்கொண்டார். நிலையத்தாரும் செய்யவில்லை, நாமும் செய்யவில்லை. அடுத்த ஆண்டு இவ்விதழ் வெளிவருமுன் நாமேனும் செய்வோமாக.