யானைக்கால் நோயும் துறைகளின் கூட்டுறவும்

கொச்சியில் மட்டாஞ்சேரிக்குத் தெற்கே பள்ளுருத்தி என்னும் ஊர் அமைந்துள்ளது. 1967-ஆம் ஆண்டில் கொச்சி மாநகராட்சி நிறுவப்பட்டபொழுது அதனுடன் இணைக்கப்பட்ட ஊர்களுள் இதுவும் ஒன்று. காயலும் கால்வாய்களும் சூழ்ந்த தாழ்ந்த நிலம் இது. கழிவுநீர் தேங்கும் இத்தகைய இடங்களில் கொசுக்கள் பெருகுவது இயல்பு. ஆகவே இவ்வட்டாரத்துக்கும் யானைக்கால் நோய்க்கும் உள்ள தொடர்பு மிகப் பழமையானது. 1709-ஆம் ஆண்டிலேயே கிளார்க் என்பவர் கொச்சியில் கண்ட யானைக்கால்களை 'மலபார் கால்கள்' எனக் குறித்தார். பிற்காலத்தில் 'கொச்சிக் கால்' என்ற பெயரும் வழங்கலாயிற்று. ஓர் ஊரின் பெயரே நோயின் பெயராக நிலைத்தமை அவ்வூர் மக்கள் பட்ட துன்பத்தின் அளவைக் காட்டும்.

அதற்குப் பின்னர் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. நோயை உண்டாக்கும் புழு எது, அதைப் பரப்பும் கொசு எது, இரத்தத்திலுள்ள புழுக்குஞ்சுகளை அழிக்கும் மருந்து எது என்பவை யாவும் இன்று அறியப்பட்டுள்ளன. இருந்தும் வீங்கிய காலோடு வாழ்பவர் நம் நாட்டில் இலட்சக்கணக்கில் உள்ளனர். அறிவு போதாமை இதற்கு ஒரு காரணம்தான். ஆனால் உள்ள அறிவு பல துறைகளின் அறைகளில் தனித்தனியே பூட்டிக் கிடப்பது அதனினும் பெரிய காரணமாகும்.

ஆராய்ச்சிக் கூடத்தில் காணும் உண்மையை நோயாளியின் படுக்கைக்கும், அங்கிருந்து தெருவுக்கும் கொண்டு செல்வது ஒரு பணி. தெருவில் எழும் கேள்வியை மீண்டும் ஆராய்ச்சிக் கூடத்துக்குக் கொண்டு வருவது மற்றொரு பணி. இவ்விரண்டும் சேர்ந்ததைப் பயன்வழி மருத்துவ ஆராய்ச்சி எனலாம். இதற்கெனவே மத்திய அரசு 2009-ஆம் ஆண்டில் பரீதாபாத்தில் ஒரு தனி நிறுவனத்தை அமைத்தது. இப்பணியில் எழும் முதற்கேள்வி, துணையாகச் சேர வேண்டியவர் யார், அவரை எங்கே தேடுவது என்பதாகும். துறையின் பெயரைக் கொண்டு தேடுவோர் பெரும்பாலும் ஏமாற்றமே அடைகின்றனர். கேள்வியைப் பின்பற்றிச் செல்வோர் துணைவரைக் கண்டடைகின்றனர். யானைக்கால் நோயின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

தனித்து நின்றதால் நேர்ந்த தாமதம்

1872-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் தீமத்தி லூயிஸ் மனித இரத்தத்தில் புழுக்குஞ்சுகளைக் கண்டார். 1876-இல் ஆஸ்திரேலியாவில் ஜோசப் பாங்கிராப்ட் முதிர்ந்த புழுவைக் கண்டார். அடுத்த ஆண்டு சீனத்தின் அமோய் நகரில் பாட்ரிக் மான்சன், இரத்தத்தோடு கொசுவின் வயிற்றுக்குள் செல்லும் புழுக்குஞ்சு அங்கு வளர்ச்சியடைவதைக் கண்டறிந்தார். பூச்சியொன்று மனித நோயைக் கடத்துவதில் பங்கு கொள்கிறது என்ற கருத்துக்கு இதுவே அடிகோலியது.

ஆயினும் மான்சன் ஒரு பெரும் பிழைக்கு உள்ளானார். கொசு ஒரே முறை இரத்தம் குடித்துச் சில நாட்களில் நீரில் விழுந்து இறந்துவிடும் என்று அவர் எண்ணினார். ஆகவே அந்நீரைப் பருகுவோருக்கே நோய் வருகிறது என்று முடிவு கட்டினார். கொசுவின் வாழ்க்கையை நன்கு அறிந்த பூச்சியியலார் ஒருவர் அன்று அவர் அருகில் இல்லை. பாங்கிராப்டின் மகன் தாமஸ் ஆஸ்திரேலியாவிலிருந்து அனுப்பிய கொசுக்களை இலண்டனில் ஜார்ஜ் லோ ஆராய்ந்து, கொசுவின் உறிஞ்சு குழலிலேயே புழுக்கள் இருப்பதை 1900-ஆம் ஆண்டில் காட்டிய பின்னரே கடியினால் நோய் பரவுவது தெளிவாயிற்று. இடையில் கழிந்த காலம் இருபது ஆண்டுகளுக்கு மேலாகும்.

இப்பாடம் பழங்காலத்துக்கு மட்டும் உரியதன்று. இப்புழுவின் இனத்தைச் சேர்ந்த பல புழுக்களின் உடலுக்குள் ஒருவகைப் பாக்டீரியா வாழ்வதை 1970-களில் விலங்கியலார் மின்னணு நுண்ணோக்கியில் கண்டனர். அந்தப் பாக்டீரியாவை அழித்தால் புழுவும் நலிவடையும் என்பது மருத்துவர்களின் கவனத்துக்கு வந்து, மனிதரிடத்துச் சோதிக்கப்பட ஏறக்குறைய கால் நூற்றாண்டு சென்றது. கண்டவர் ஒரு துறை, பயன்படுத்த வேண்டியவர் மற்றொரு துறை. இருவரும் ஒரே சஞ்சிகையைப் படிப்பதில்லை.

சேர்த்தலையில் கண்ட வழி

பள்ளுருத்தியிலிருந்து தெற்கே முப்பது கிலோமீட்டர் தொலைவுக்குள் சேர்த்தலை உள்ளது. இவ்விரு பகுதிகளிலும் கால் வீங்கும் நோய் நெடுங்காலமாக இருந்ததாயினும் நோய் ஒன்றன்று. கொச்சி நகரில் காணப்பட்டது பாங்கிராப்ட் பெயர் பெற்ற புழு. அதைச் சாக்கடைநீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு பரப்புகிறது. சேர்த்தலையில் காணப்பட்டது புருகியா மலாயி என்னும் வேறொரு புழு. அதைப் பரப்புவது மான்சோனியா கொசு. இக்கொசுவின் புழுப்பருவம் ஆகாயத்தாமரை போன்ற நீர்ச்செடிகளின் வேர்களைத் துளைத்து, அதன் வழியே காற்றைப் பெற்று வாழ்கிறது. முன்னதில் விரைவீக்கமும் உண்டாகும். பின்னதில் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேயே வீக்கம் நிற்கும். சாக்கடையைச் சீர்திருத்தினால் கொச்சிக்கு நன்மை உண்டு. சேர்த்தலையிலோ குளத்துச் செடியை அகற்றவேண்டும். பூச்சியியலாரும் தாவரவியலாரும் உடன் இல்லாத மருத்துவர் இவ்வேற்றுமையை எங்ஙனம் அறிவார்?

திருவிதாங்கூரில் இந்நோயைப் பற்றி எம். ஓ. டி. ஐயங்கார் செய்த ஆராய்ச்சி 1938-இல் வெளிவந்தது. செடிக்கும் கொசுவுக்கும் உள்ள உறவு அதில் விரிவாக ஆராயப்பட்டது. எனினும் செடியை அகற்றுக என்று ஆணையிடுவது மட்டும் போதாது என்பது விரைவில் புலனாயிற்று. ஆகாயத்தாமரை தென்னைக்குத் தழையுரமாகப் பயன்பட்டது. உழவருக்குப் பயன் தரும் பொருளை நோயின் பெயரால் மட்டும் ஒழித்துவிட இயலாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் கீழ் 1975-இல் புதுச்சேரியில் அமைக்கப்பட்ட நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1980-களில் சேர்த்தலையில் இக்கேள்வியை வேறுவிதமாக எழுப்பியது. செடியை அகற்றுவதால் குளத்தின் சொந்தக்காரருக்கு என்ன இலாபம் என்பதே அக்கேள்வி. விடை தேடிச் சென்றபொழுது மீன்வளர்ப்பு அறிந்தவர் துணைவராயினர். செடி அகற்றிய குளத்தில் மீன் வளர்ந்தது. மீன் வருவாய் தந்தது. வருவாய் குளத்தைத் தூய்மையாக வைத்தது. ஊர் மக்களும் மாணவரும் பங்கு கொண்ட இயக்கம் ஒன்றும் உருவாயிற்று. கொசுவைக் குறித்த ஆராய்ச்சி மீன்வளர்ப்பில் போய் முடியும் என்று எந்தத் துறையின் பாடத்திட்டத்திலும் எழுதியிருக்கவில்லை.

சோப்பும் நீரும்

நோயாளியை அடிக்கடி வாட்டுவது வீக்கம் மட்டுமன்று. திடீரெனக் குளிர்காய்ச்சல் வந்து, கால் சிவந்து, நோவு மிகுந்து பல நாட்கள் வேலையிழக்கச் செய்யும் தாக்குதலே அவரை ஏழையாக்குகிறது. ஒவ்வொரு தாக்குதலும் வீக்கத்தை மேலும் வளர்க்கிறது. இது புழுவின் வேலை என்றே நெடுநாள் கருதப்பட்டது. விரலிடுக்குப் புண்களின் வழியே நுழையும் பாக்டீரியாக்களே பெரும்பாலும் இதற்குக் காரணம் என்று பிரேசிலின் ரெசிபே நகரில் ஜெரூசா டிரேயரும் அவருடைய குழுவினரும் வற்புறுத்தினர்.

ஆலப்புழை திருமலை தேவசம் மருத்துவக் கல்லூரியில் ஆர். கே. ஷெணாயும் அவருடன் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த வி. குமாரசாமியும் 1990-களில் இதைச் சோதித்தனர். நோயாளிகள் பல குழுக்களாகப் பிரிக்கப்பட்டு வெவ்வேறு மருந்துகள் பெற்றனர். அனைவருக்கும் காலைக் கழுவித் துடைத்துப் பேணும் முறை கற்பிக்கப்பட்டது. மருந்தற்ற போலி மாத்திரை பெற்றவரிடத்தும் தாக்குதல்கள் குறைந்தன. சோப்பும் நீரும் நாள்தோறும் செய்யும் உதவியை இது தெளிவாகக் காட்டிற்று. புழுவியல் அறிந்தவர் மட்டும் இதை நிலைநாட்டியிருக்க முடியாது. தோல் நிபுணரும், செவிலியரும், புள்ளிவிவர அறிஞரும் வேண்டியிருந்தனர்.

காசர்கோட்டிலுள்ள பயன்பாட்டுத் தோலியல் நிறுவனத்தில் மற்றொரு முயற்சி நடைபெற்றது. தோல் மருத்துவர் எஸ். ஆர். நரஹரியும் ஆயுர்வேத மருத்துவர்களும் யோகப் பயிற்சியாளரும் ஒரே நோயாளியைச் சேர்ந்து பரிசோதித்துச் சிகிச்சை வகுத்தனர். ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த டெரன்ஸ் ரயன் இதற்குத் துணை நின்றார். ஆயுர்வேத நூல்கள் ஸ்லீபதம் என்று கூறுவதும் தற்கால மருத்துவம் நிணநீர் வீக்கம் என்று கூறுவதும் எவ்வளவில் ஒன்றுபடுகின்றன என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. இரு துறையினர் கூடும்பொழுது சொற்களைச் சரிபார்ப்பதே முதல் ஆராய்ச்சி என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

துணைவரைத் தேடும் முறை

கூட்டு முயற்சி காலத்தை வீணாக்கும், குழுக்கள் பெருகும், பொறுப்பு எவருடையது என்பது தெரியாமற் போகும் என்று சிலர் கூறுவர். நிறுவனங்கள் முதலில் ஒப்பந்தம் செய்துகொண்டு பின்னர் வேலை தேடினால் அவ்வாறே நேரும். கேள்வி முதலில் தோன்றி, அதற்கு வேண்டியவர் மட்டும் பின்னர் சேர்ந்தால் அக்குறை பெரிதும் நீங்கும்.

பள்ளுருத்தி போன்ற ஊரில் வலக்கால் வீங்கிய முதிய மீன் விற்பனையாளர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவர் நாள்தோறும் ஈரத்தில் நிற்கிறார். அவருடைய காலுக்கு ஏற்ற செருப்பு கடையில் கிடைப்பதில்லை. வீட்டில் கால் கழுவ நல்ல தண்ணீர் போதிய அளவு வருவதில்லை. 'இவர் இவ்வாண்டு ஒரு தாக்குதலும் இன்றி வேலைக்குச் செல்வது எப்படி?' என்று கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிவிட்டால் துணைவர் யார் என்பது தானே விளங்கும். தோல் மருத்துவர், செவிலியர், செருப்புத் தைப்பவர், குடிநீர்ப் பொறியாளர், வார்டின் சுகாதார ஊழியர் ஆகியோரின் பெயர்கள் அவ்வாக்கியத்திலேயே அடங்கியுள்ளன.

அவர்களைத் தேடித் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. கொச்சியிலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனமும், விஞ்ஞான தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும், மீன்வளப் பல்கலைக்கழகமும் இயங்குகின்றன. களமசேரியில் அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது. கிலோமீட்டர் கணக்கில் இவை அருகிலேயே உள்ளன. தொலைவு பழக்கத்தில்தான் உள்ளது. கடிதம் எழுதுவதைவிட மற்றவருடைய வேலைத்தலத்துக்கே சென்று ஒரு நாள் உடனிருப்பது பயன் தரும். முதலில் சிறு வேலை ஒன்றைச் சேர்ந்து செய்து பார்ப்பதும், விவரங்கள் எவருக்கு உரியவை, வெளியீட்டில் எவர் பெயர்கள் இடம்பெறும் என்பவற்றைத் தொடக்கத்திலேயே எழுதிக்கொள்வதும் பிற்காலப் பிணக்கைத் தவிர்க்கும். நோயாளியின் சம்மதமும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் எந்தக் கூட்டுறவிலும் விலக்கத்தகாதவை.

ஊழியரும் ஆசிரியரும்

கூட்டுறவு என்றதும் பட்டம் பெற்ற நிபுணர்களையே எண்ணுவது வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் மாற வேண்டும். புழுக்குஞ்சுகள் நள்ளிரவையொட்டியே இரத்தத்தில் மிகுதியாகத் தோன்றுவதால் இரவில் வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டி இரத்தம் எடுத்தவர் களப் பணியாளரே. எந்த வீட்டார் மாத்திரையை வாங்கி வைத்துக்கொண்டு விழுங்குவதில்லை, எந்தப் பெண் சேலையால் காலை மறைத்துக்கொண்டு மருத்துவரிடம் வர நாணுகிறார் என்பதை அவரே அறிவார். அவ்வறிவு எந்த நுண்ணோக்கியிலும் தெரியாது. ஆகவே அவரை விவரம் சேகரிப்பவராக மட்டும் கொள்ளாது, கேள்வியை வகுக்கும் கூட்டத்திலேயே அமர்த்த வேண்டும். அறிக்கையில் அவர் பெயரும் இடம்பெற வேண்டும்.

ஆசிரியரின் பங்கும் சிறிதன்று. நோய் பரவுவது நின்றுவிட்டதா என்பதை அறிய ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளின் இரத்தத்தையே பரிசோதிக்கின்றனர். அதன் பொருளைப் பெற்றோருக்கு அவர்கள் நம்பும் சொற்களில் விளக்கக்கூடியவர் ஆசிரியரே. தாத்தாவின் கால் பாவத்தால் வீங்கவில்லை, கொசுக்கடியால் வீங்கியது என்பதைக் குழந்தை வீட்டுக்குக் கொண்டு செல்லுமாயின் அதுவும் பயன்வழி மருத்துவமே.

காலம் தாழ்த்துவதற்கில்லை. இந்தியாவில் ஆண்டுதோறும் மக்கள் அனைவருக்கும் மருந்தளிக்கும் திட்டம் 2004-இல் தொடங்கிற்று. 2027-ஆம் ஆண்டுக்குள் இந்நோயை ஒழிப்பது என்ற இலக்கை மத்திய அரசு 2023-இல் அறிவித்தது. இலங்கை 2016-இலேயே உலகச் சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரத்தைப் பெற்றது. ஆனால் அவ்வங்கீகாரத்துக்கு நோய் பரவுவது குறைந்தால் மட்டும் போதாது. ஏற்கெனவே கால் வீங்கியவர்களுக்குப் பராமரிப்பு கிடைக்கிறது என்றும் காட்ட வேண்டும். மாத்திரை புதிய நோயாளி தோன்றாமல் தடுக்கும்; முற்றிய பழைய காலை அது பழைய நிலைக்குக் கொண்டுவராது. நோய் ஒழிந்தது என்று அறிவிக்கப்படும் நாளில் நிதியும் நிபுணரும் வேறு நோயை நாடிச் செல்வர். காலைச் சுமந்தவர் மட்டும் அங்கேயே இருப்பார். அவருக்கு வேண்டிய கூட்டுறவை அந்நாளுக்கு முன்னரே அமைத்துவிட வேண்டும். அதற்குரிய முதற்கூட்டம் நடைபெறத் தக்க இடம், அந்த நோயாளியின் வீட்டுத் திண்ணையே ஆகும்.