கட்டியங்காரன் இல்லாத திரை

சென்ற கோடையில் பெங்களூரிலிருந்து விடுமுறைக்குப் பென்னாகரம் வந்த என் தங்கை மகன், கூடத்துப் பாயில் ஒரு சுருக்குப் பையைக் கவிழ்த்தான். உருண்டு வந்த பகடைகளில் ஒன்றுக்கு 20 முகங்கள் இருக்கக் கண்டு, எங்கள் வீட்டு மாடத்தில் தலைமுறையாகக் கிடக்கும் பித்தளைத் தாயக்கட்டைகளை எடுத்து அதன் அருகில் வைத்துப் பார்த்தேன். நம் கட்டைக்கு நான்கே பக்கம். அவற்றிலும் ஒன்று புள்ளியில்லாதது. ஆயினும், இரண்டு கட்டைகளும் வெறுமையாய் விழுந்தால் அதையே பன்னிரண்டு என்று கொண்டாடுகிற நம்முடைய கணக்கு அவனுடைய பகடைக்குத் தெரியாது என்பதில் எனக்கு ஓர் அற்பப் பெருமிதம்.

அவன் கொண்டுவந்தது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் ஆட்டம். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவரால் உருவாகி வெளிவந்த இதில், மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்ந்து ஆளுக்கொரு வேஷம் ஏற்க, ஒருவர் மாத்திரம் கதைசொல்லியாக இருந்து, எதிரே பாழுங்கோட்டை, உள்ளே வெளிச்சம், என்ன செய்யப் போகிறாய் என்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டே போவார். நினைத்த காரியம் பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். 2023-இல் வந்த திரைப்படத்தைப் பார்த்த உற்சாகத்தில் இவனும் நண்பர்களும் பணம் போட்டுப் புத்தகங்களை வாங்கினார்களாம். வாங்கிய வேகத்தில் சில பக்கங்கள் புரட்டி, விதிகளின் அடர்த்தியில் திணறி, பெட்டியை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டார்களாம். ஓராண்டு கழித்து, அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் இந்த ஆட்டத்தில் பழகியவர் என்று தெரியவந்து, அவர் ஒரு சனிக்கிழமை உடன் உட்கார்ந்து நடத்திக்காட்டிய பிறகே பெட்டி கீழே இறங்கிற்று.

சினிமா இத்தகைய ஆட்டங்களைப் பிரபலமாக்குமா என்று கேட்பவர்களுக்கு நான் இந்தப் பெட்டியைத்தான் காட்டுவேன். 2000-இலும் இதே பெயரில் ஒரு படம் வந்து, வந்த சுவடு தெரியாமல் போயிற்று. அதற்கும் முன்னால், 1982-இல், டாம் ஹாங்க்ஸ் நடித்த ‘மேஸஸ் அண்ட் மான்ஸ்டர்ஸ்’ என்ற தொலைக்காட்சிப் படம், இவ்வகை ஆட்டத்தில் மூழ்கிய வாலிபன் சித்தம் கலங்கிப்போவதாகக் காட்டி, அந்நாளில் பெற்றோர்களுக்கிருந்த பீதியில் நெய் வார்த்தது. (தாயம் ஆடினால் குடும்பம் சகுனியின் கைக்குப் போய்விடும் என்று என் பாட்டி எங்களைத் துரத்தியதற்கு எந்தப் படமும் தேவைப்படவில்லை.) 2016-இல் தொடங்கிய ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரோ, ஆரம்பத்திலேயே நான்கு சிறுவர்கள் வீட்டு நிலவறையில் அமர்ந்து இதை ஆடுவதையும், பகடை மேஜையை விட்டு உருண்டோட அவர்கள் பதறித் தேடுவதையும் காட்டிற்று. டிராகன்களுக்குச் செலவிட்ட பெரும்பணத்தைக் காட்டிலும், அந்தச் சில நிமிஷங்களே நமக்கும் இப்படி உட்காரலாமே என்ற சபலத்தை அதிகம் மூட்டின என்பது என் அபிப்பிராயம்.

நம் சினிமா ஆட்டங்களிடமிருந்து பெயரை மட்டும் இரவல் வாங்கிக்கொள்ளும். 1977-இல் எஸ்.பி. முத்துராமன் இயக்கத்தில் கமல்ஹாசனும் ரஜினிகாந்தும் நடித்த ‘ஆடு புலி ஆட்டம்’ படத்தைப் பார்த்துவிட்டு வந்து, 3 புலிகளையும் 15 ஆடுகளையும் எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தவர் எவரையும் நான் கண்டதில்லை. 1964-இன் ‘கர்ணன்’ படத்தில் கர்ணனும் பானுமதியும் ஆடுகிற காட்சியில் முத்துக்கள் சிதறியது எல்லோருக்கும் ஞாபகமிருக்கிறது. காய் எந்தக் கட்டத்தில் நின்றது என்று யாருக்குத் தெரியும்?

இதே பாரதக் கதை எங்கள் தர்மபுரிச் சீமையில் திரௌபதி அம்மன் கோவில்களின் முன்னால் நடைபெறும் விதம் வேறு. பகலில் வில்லிபாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசி நாள் மண்ணில் மலையாய்ப் படுத்துக் கிடக்கும் துரியோதனனின் படுகளம் என்று அது நாட்கணக்கில் போகும். இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் கிரீடமும் புஜகீர்த்தியும் மின்ன வேஷக்காரர் நின்றுகொண்டிருக்க, கட்டியங்காரன் அவரை நோக்கி, தாங்கள் யார், எந்த நாடு, வந்த காரியம் என்ன என்று கேட்கிறான். சக்கரவர்த்தியே ஆனாலும் பதில் சொல்லித்தான் தீரவேண்டும். கேட்டுக்கொண்டே அவன் முன்வரிசையில் உறங்குகிறவரை எழுப்பிவிடுவான், ஊர்க் குழாயில் தண்ணீர் வராததை அஸ்தினாபுரத்தின் குறையாக்கி மன்னனிடம் முறையிடுவான். என் தங்கை மகன் ‘டன்ஜன் மாஸ்டர்’ என்று சொல்லும் ஆசாமியை நான் உடனே அடையாளம் கண்டுகொண்டது இவனைக் கொண்டுதான். 1988-இல் தூர்தர்ஷனில் பி.ஆர். சோப்ராவின் ‘மகாபாரத்’ தொடங்கியபோது, இனிக் கூத்துக்கு யார் வருவார்கள் என்று பெரியவர்கள் கவலைப்பட்டார்கள். சினிமா மெட்டுக்கள் கூத்துக்குள் நுழைந்ததும், பின்னிரவில் கூட்டம் மெலிந்ததும் மெய்யே; ஆனாலும் தொலைக்காட்சிப் பெட்டி ஒருநாளும் எங்களைப் பார்த்து நீ யார் என்று கேட்டதில்லை, கட்டியங்காரன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

ஆகவே, படம் வெளியாகும் வாரத்தில் பகடைகளையும் புத்தகங்களையும் கடைகளில் குவிக்கிற வியாபாரிகள், ஊருக்கு ஒரு கதைசொல்லியையேனும் பழக்கி வைப்பது உத்தமம். விதிகளை நல்ல தமிழில் எழுதி விற்பார்களானால் நானே ஒரு பிரதி வாங்குவேன்.

அன்று இரவு பாயிலேயே ஆடினோம். கதையை அவன் ஒகேனக்கல்லுக்கு மாற்றிக்கொண்டான்: காவிரியில் வெள்ளம், அக்கரையில் அதியமானின் ஒற்றன், என் கையில் ஒற்றைத் துடுப்பு. “மாமா, என்ன செய்யறீங்க?” என்றான். பரிசலைக் குறுக்கே விடுகிறேன் என்றேன். 20 முகப் பகடையில் 3 விழுந்தது. பரிசல் கவிழ்ந்துவிட்டதாகச் சற்றும் தாட்சண்யமின்றி அறிவித்துவிட்டுத் தன் தாயாரின் பக்கம் திரும்பினான். “அம்மா, நீ கரையில நிக்கற. கயிறு வீசுவியா?” அவள், அடுப்பில் பால் பொங்குகிறதென்று எழுந்து போய்விட்டாள்.