ஊட்டி வேணாம், ஒரு அண்ணனோ அக்காவோ போதும்

செமஸ்டர் முடிஞ்சு பையைத் தூக்கிட்டு வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் தம்பியோ தங்கச்சியோ கேக்கிற முதல் கேள்வி உங்களுக்கும் தெரியும். "லீவுக்கு எங்க போறோம்?" அப்பா செய்தித்தாளுக்குள்ள முகத்தை மறைச்சுக்குவார். அம்மா அடுப்படிக்குப் போயிடுவாங்க. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாசத்திலிருந்து இ-பாஸ் எடுத்துத்தான் போகணும். அவ்வளவு கூட்டம். நாலு பேருக்குப் பஸ், ரூம், சாப்பாடுன்னு கணக்குப் போட்டா, பல வீடுகள்ல அது ஒரு மாசச் சம்பளத்துல பெரும்பங்கு.

என் கருத்து இதுதான்: நம்ம வீடுகள்ல கோடை வீணாப் போறதுக்குக் காரணம் பணம் இல்லாதது மட்டும் இல்ல. கூட்டிட்டுப் போக ஆள் இல்லாததும்தான். அந்த ஆள் நாமதான்.

பண்ருட்டியை ஒட்டி இருக்கிற திருவதிகையையே எடுத்துக்குவோம். அட்ட வீரட்டானத் தலங்கள்ல ஒண்ணு; சிவன் முப்புரம் எரிச்ச கதைக்குரிய ஊர். ஏழாம் நூற்றாண்டில் அப்பர் சூலை நோயோட தன் அக்கா திலகவதியாரைத் தேடி வந்ததும் இங்கதான். தம்பியைக் கரை சேர்த்த ஒரு அக்காவோட ஊர்னு சொன்னா தப்பில்ல! காலையில எட்டு மணிக்குள்ள வீரட்டானேஸ்வரர் கோயிலுக்குப் போனா கல்தரை கால் சுடாது. கோபுர வாசல்ல நாட்டியக் கரணச் சிற்பங்கள் இருக்கு. ஒவ்வொண்ணையும் பார்த்து அதே மாதிரி நிக்கச் சொல்லுங்க. ஒரு மணி நேரம் போறதே தெரியாது. டிக்கெட் கிடையாது.

இந்தக் கோயில் விமானத்தோட நிழல் தரையில விழாதுன்னு ஊர்ல சொல்லுவாங்க. "அப்படியா?"ன்னு கேட்டுட்டு விட்டுடாதீங்க. நாம பொறியியல் படிக்கிறவங்க. நம்ம அட்சரேகையில ஏப்ரல் 20, 21 வாக்கிலும் ஆகஸ்ட் 21, 22 வாக்கிலும் நடுப்பகல்ல சூரியன் நேர் உச்சிக்கு வரும். அன்னிக்கு 12.10 மணி வாக்குல செங்குத்தா நட்ட குச்சிக்கு நிழலே இருக்காது. ஏப்ரல்ல நீங்க இன்னும் சென்னை ஹாஸ்டல்லதான் இருக்கீங்களா? இன்னும் நல்லது. அதே நாள் நடுப்பகல்ல நீங்க மொட்டை மாடியில ஒரு மீட்டர் குச்சியை நட்டா சுமார் 2 சென்டிமீட்டர் நிழல் விழும். தங்கச்சி திருவதிகையில நட்ட குச்சிக்கு நிழல் இல்ல. ரெண்டு ஊருக்கும் வடக்கு தெற்கா இருக்கிற தூரத்தையும் அந்தச் சின்னக் கோணத்தையும் வெச்சுப் பூமியோட சுற்றளவைக் கணக்குப் போடலாம். எரடோஸ்தனிஸ் செஞ்சதும் இதே வேலைதான். விடை 40,000 கிலோமீட்டருக்குப் பக்கத்துல வராம தள்ளியே வந்தாலும் பரவாயில்ல. ஏன் தள்ளி வந்துச்சுன்னு போன்ல பேசுறதுதான் பாடம். செலவு ஒரு குச்சி, ஒரு ஸ்கேல்.

பண்ருட்டிப் பலாவுக்கு இதுதான் சீசன். ஒரு முழுப்பழம் வாங்கி, கையிலயும் கத்தியிலயும் எண்ணெய் தடவிக்கிட்டு, வீடே உக்காந்து உரிங்க. கொட்டையைச் சுட்டுத் தின்னுங்க. இன்னொரு நாள் நெய்வேலிக்கு டவுன் பஸ். விவசாயத்துக்காகக் கிணறு தோண்டினப்ப கறுப்பா ஏதோ வந்துச்சே, அதை விடாம துருவின ஜம்புலிங்க முதலியார் கதையைப் பஸ்லயே சொல்லலாம். 1956-ல நிறுவனமே வந்த அந்த ஊர்ல மர நிழல்ல நடக்கிறதுக்குக் காசு கேக்கிறது யாரு?

"இதெல்லாம் ஏழைங்க மனசைத் தேத்திக்கிற பேச்சு, அந்தப் பிள்ளைக்கும் மலையைப் பார்க்க ஆசை இருக்காதா?"ன்னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்வி. ஆசை இருக்கும். மலைக்குப் பலாப்பழம் ஈடாகாது. வசதி வரும்போது கட்டாயம் கூட்டிட்டுப் போங்க. ஆனா அதுவரைக்கும் ஏப்ரலும் மேயும் அந்தப் பிள்ளைக்குக் காத்திருக்காது. வீட்டுல அடைஞ்சு கிடக்கிற பிள்ளை ஒண்ணு போனுக்குள்ள போகும், இல்லன்னா தண்ணியைத் தேடிப் போகும்.

அந்த ரெண்டாவதுதான் எனக்குப் பயம். 2022 ஜூன் 5 அன்னிக்கு, இதே கெடிலம் ஆத்துல, கடலூர் பக்கம் குச்சிப்பாளையத்துத் தடுப்பணையில குளிக்கப் போன ஏழு பேர் மூழ்கி இறந்துட்டாங்க. சிறுமிகளும் இளம்பெண்களும். வெயில்ல தண்ணிக்குப் போறது தப்பா? இல்ல. காசில்லாத கோடைக்கு ஆறுதான் நீச்சல்குளம். ஆனா மேல பார்த்தா முழங்கால் ஆழம் மாதிரி தெரியிற இடத்துல அடியில பள்ளம் இருக்கும். அது பிள்ளைகளுக்குத் தெரியாது.

அதனால இந்த லீவுல ஒரே ஒரு வேலை செய்யணும்னா, நீச்சல் தெரிஞ்ச பெரியவர் ஒருத்தரைக் கூட வெச்சுக்கிட்டு, பாதுகாப்பான இடத்துல தம்பி தங்கச்சிக்கு நீச்சல் சொல்லிக் கொடுங்க. உங்களுக்கே தெரியாதா? சேர்ந்து கத்துக்குங்க. யாரும் தண்ணிக்குத் தனியாப் போகக்கூடாதுன்னு வீட்டுல ஒரு சட்டம் போடுங்க. அந்தச் சட்டம் செல்லணும்னா, "வா, நான் வரேன்"னு சொல்ல வீட்டுல ஒருத்தர் இருக்கணும்.

நமக்கு இன்னும் ரெண்டு மூணு கோடைதான் இப்படி வீட்டுல கிடைக்கும். அப்புறம் வேலை, வேற ஊர். நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு அலாரம் வைங்க. தம்பியை எழுப்புங்க.