ஆள் வருது... ஆள் போகுது! முதியோர் வீடுகளில் மாதம் ஒரு முகம்

தென்காசி,-

பிள்ளைகள் சென்னையில், பெங்களூரில், துபாயில், சிங்கப்பூரில். வயசான தாய், தகப்பன் மட்டும் ஊரில். ஐந்தருவி ரோட்டில் தொடங்கி குற்றாலம், மேலகரம், இலஞ்சி, தென்காசி, செங்கோட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் இப்படிப்பட்ட வீடுகள் இருக்கின்றன. அங்கெல்லாம் கேட்கும் பேச்சு ஒன்றுதான். "ஆச்சியைப் பாத்துக்க ஒரு நல்ல ஆள் கிடைக்குமா?"

ஆள் கிடைக்காமல் இல்லை. கிடைக்கிறது. ஆனால் நிற்பதில்லை. இந்த மாதம் ஒருத்தி, அடுத்த மாதம் வேறொருத்தி, அதற்கடுத்த மாதம் யாருமே இல்லை. போனில் ஏஜென்சியைப் பிடிப்பதும், முன்பணம் கட்டுவதும், "நாளைக்கு அனுப்பி வைக்கிறோம்" என்ற பதிலைக் கேட்பதுமாகவே பல குடும்பங்களின் காலம் ஓடுகிறது.

இது ஏன்? யார் மேல் தப்பு? விவரம் வருமாறு:-

இரு பக்கமும் இழுப்பு

தேசிய புள்ளியியல் அலுவலகம் 2021-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, 60 வயதைத் தாண்டியவர்கள் அதிகம் உள்ள மாநிலம் கேரளா. நூற்றுக்கு 16.5 பேர். அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. நூற்றுக்கு 13.6 பேர். 2031-ல் இது 18.2 ஆக ஏறும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

வயசானவர்கள் அதிகம் உள்ள இந்த 2 மாநிலங்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது தென்காசி. புளியரை செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் "ஹோம் நர்ஸ்" என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த வழக்கம் மலை தாண்டி இங்கேயும் வந்துவிட்டது. ஒரே ஆளை 2 பக்கமும் தேடுகிறார்கள்.

உள்ளூரில் ஆள் எடுக்கலாம் என்றால் அதிலும் ஒரு சிக்கல். இந்த மாவட்டத்தில் பீடி சுற்றும் பெண்கள் ஏராளம். கூலி குறைவுதான். ஆனாலும் சொந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சுற்றலாம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டில் இருக்கலாம். அதை விட்டுவிட்டு இன்னொருத்தர் வீட்டில் ராத்திரி பகலாகத் தங்கு என்றால் சம்பளம் மட்டும் போதாது, மரியாதையும் வேண்டும்.

ஆனி, ஆடி சீசன் வந்தால் நிலைமை இன்னும் மோசம். லாட்ஜ், மெஸ், கடை என்று குற்றாலம் முழுக்க ஆள் கேட்பார்கள். அதே மாதங்களில்தான் சாரல் அடித்து முற்றம் வழுக்கும். மூட்டுவலியும் இழுப்பும் கூடும். ஆள் கட்டாயம் வேண்டிய நேரத்தில் ஆள் குறைகிறது.

எங்கே இடிக்கிறது?

முதல் தப்பு வீட்டுக்காரர்களுடையது. வேலையைப் பற்றி உண்மையைச் சொல்வதில்லை. "சும்மா கூட இருந்தால் போதும்" என்று கூட்டி வருகிறார்கள். வந்து பார்த்தால் பெரியவர் படுத்த படுக்கை. மலஜலம் அள்ள வேண்டும், தூக்கி உட்கார வைக்க வேண்டும். அதோடு வீட்டுச் சமையல், துணி துவைப்பு, பேரப்பிள்ளை லீவுக்கு வந்தால் அவனுக்கும் பணிவிடை. பத்து நாளில் அந்தப் பெண் பெட்டியைத் தூக்காமல் என்ன செய்வாள்?

இரண்டாவது, யாருக்காக ஆள் வைக்கிறார்களோ அவரைக் கேட்பதே இல்லை. மகன் துபாயில் இருந்து போனில் முடிவு செய்கிறான். அப்பாவுக்குக் குளிப்பாட்ட ஆம்பளை ஆள் வேண்டும். வந்து நிற்பது 22 வயதுப் பெண். அவர் கூச்சத்தில் குளிக்காமலே கிடக்கிறார். மகனுக்கோ "அப்பா ஒத்துழைக்கவில்லை" என்று தகவல் போகிறது.

மூன்றாவது பேச்சும் சாப்பாடும். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர். அங்கே மலையாளம் பேசும் ஆள் வந்தாலும் சமாளித்து விடுவார்கள். கிழக்கே போகப் போக முடியாது. காது மந்தமான பாட்டிக்குச் சொந்த பாஷையே பாதிதான் விழும். வேறு பாஷை என்றால் கேட்கவே வேண்டாம்.

வெளியே சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு, சாதி. தன் உடம்பைத் தொட்டுத் துடைக்கலாம், ஆனால் சமையல்கட்டுக்குள் வரக்கூடாது, டம்ளர் தனி என்று சொல்லும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. அங்கே யார் நிலைப்பார்கள்? அது சட்டப்படி குற்றம் என்பதும் அந்த வீடுகளுக்குத் தெரியும்.

நான்காவது தூக்கம். 24 மணி நேர ஆள் என்றால் 24 மணி நேரமும் விழித்திருக்கும் ஆள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ராத்திரி நாலு தடவை எழுப்பப்பட்டவளுக்குப் பகலில் 2 மணி நேரம் படுக்க இடம் கிடையாது. வாரத்தில் ஒரு நாள் லீவும் கிடையாது.

ஐந்தாவது கமிஷன். ஒவ்வொரு ஆள் மாறும்போதும் புதிதாக சர்வீஸ் சார்ஜ் வாங்கும் ஏஜென்சிக்கு ஒரே ஆள் 3 வருஷம் நிலைத்தால் என்ன லாபம்? மாற்றத்தில்தான் வரும்படி.

முகம் மாறினால் என்ன ஆகும்?

"ஆள் மாறினால் என்ன, வேலை நடந்தால் சரி" என்பவர்களும் உண்டு. அது தவறு.

படுக்கையில் இருப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட வேண்டும். தவறினால் முதுகில் புண் வரும். தைராய்டு மாத்திரை காபிக்கு முந்தியா பிந்தியா, எந்தக் கால் பலவீனம், தண்ணீர் குடித்தால் புரை ஏறுமா என்பதெல்லாம் பழகிய கைக்குத்தான் தெரியும். புது ஆள் இதைக் கற்றுக்கொள்வதற்குள் அடுத்த புது ஆள் வந்துவிடுகிறாள்.

ஞாபகமறதி நோய் உள்ளவர்கள் பாடு இன்னும் பரிதாபம். 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வின்படி, இந்தியாவில் 60 தாண்டியவர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு இந்த நோய். பெற்ற மகளையே "நீ யாரு?" என்று கேட்பவர் முன்னால் மாதம் ஒரு புது முகத்தை நிறுத்தினால் என்ன ஆகும்? பயப்படுவார், சாப்பிட மறுப்பார், கையை ஓங்குவார். அதைக் கண்டு ஆள் ஓடிவிடுவாள். மறுபடியும் புது முகம்.

போலீசுக்கும் தலைவலி

ஏஜென்சி ஒருத்தியின் ஆதார் நகலைத் தருகிறது. நாலு நாளில் அவள் லீவு போட, "பதில் ஆள்" வருகிறாள். அவள் பெயர் என்ன, ஊர் என்ன என்று வீட்டில் யாரிடமும் சீட்டுக்கூட இருக்காது. பீரோவில் ஒரு செயின் காணவில்லை என்றால் போலீசார் முதலில் கேட்பது, "வீட்டுக்குள் யார் யார் வந்தது?" என்பதைத்தான். பதில் சொல்ல ஆள் இருக்காது.

மறுபக்கமும் உண்டு. பாட்டி எங்கோ வைத்து மறந்த மோதிரத்துக்காக வேலைக்கு வந்தவள் மேல் பழி விழுவதும் நடக்கிறது. ஒரே ஆள், பெயர் விலாசம் தெரிந்த ஆள் என்றால் 2 பேருக்குமே பாதுகாப்பு. வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் பற்றி விசாரித்துச் சான்று தரும் ஆன்லைன் வசதி தமிழக போலீசில் இருக்கிறது.

சட்டம் பாதியில் நின்றது

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. கவனிக்காத பிள்ளைகளிடம் மாதம் ரூ.10 ஆயிரம் வரை ஜீவனாம்சம் வாங்கித் தர ஆர்.டி.ஓ.வுக்கு அதிகாரம் உண்டு. தென்காசி, சங்கரன்கோவில் என 2 ஆர்.டி.ஓ. கோட்டங்கள் இந்த மாவட்டத்தில் உள்ளன. அனாதையாக விட்டால் 3 மாதம் வரை ஜெயில்.

ஆனால் பிள்ளை பணம் அனுப்புகிறான், ஆள்தான் நிற்கவில்லை என்றால் இந்தச் சட்டத்தில் வழி இல்லை. வீட்டுக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்களைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்த 2019 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் ஒரு திருத்த மசோதா வந்தது. பயிற்சி பெற்ற ஆட்களைத்தான் அனுப்ப வேண்டும் என்பதும் அதில் இருந்தது. மசோதா நிறைவேறவில்லை. 2024-ல் மக்களவை கலைந்ததும் அதுவும் காலாவதி ஆகிவிட்டது.

வேலைக்குப் போகும் பெண்கள் பக்கமும் இதே கதை. தமிழகத்தில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007-லேயே வந்தது. பதிவு செய்தால் உதவித்தொகை உண்டு. வீட்டு வேலைக்கென தனிச் சட்டம் பற்றி ஆராயும்படி சுப்ரீம் கோர்ட்டு 2025 ஜனவரியில் மத்திய அரசுக்குச் சொன்னது.

பக்கத்திலேயே பாடம்

வழி இல்லாமல் இல்லை. கோழிக்கோட்டில் 1993-ல் தொடங்கிய வலி நிவாரண சங்கம் பிறகு ஊர் ஊராகப் பரவியது. 2008-ல் கேரள அரசே அதைக் கொள்கையாக எடுத்துக்கொண்டது. உள்ளாட்சி நர்ஸ் வீடு தேடி வருகிறார். அக்கம்பக்கத்துத் தொண்டர்கள் கூட வருகிறார்கள். நோயாளிக்கு அவர்கள் தெரிந்த முகங்கள்.

நெதர்லாந்தில் 2006-ல் யோஸ் டி பிளாக் என்ற நர்ஸ் தொடங்கிய அமைப்பும் இதே வழிதான். அதிகம் போனால் 12 பேர் கொண்ட சின்னக் குழு, ஒரு வட்டாரம். சுற்றிச் சுற்றி அதே சில முகங்கள்தான் வரும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் மாத்திரையும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகின்றன. எந்த வீட்டில் யார் படுக்கையில் என்பது அந்தப் பெண் தன்னார்வலர்களுக்குத் தெரியும். எந்த வீட்டுப் பெண் இந்த வேலைக்கு ஏற்றவள் என்பது மகளிர் சுய உதவிக்குழுக்களுக்குத் தெரியும். இந்த 2 விவரங்களையும் ஒரே பதிவேட்டில் சேர்க்க பெரிய செலவு ஆகாது. கலெக்டர் அலுவலகம் நினைத்தால் முடியும்.

அதுவரை வீட்டுக்காரர்கள் கவனிக்க

வேலை இன்னது, நேரம் இன்னது, லீவு இன்னது என்று தாளில் எழுதி 2 பேரும் வைத்துக்கொள்ளுங்கள். பெரியவரையும் வருகிறவரையும் முதலில் ஒரு நாள் உட்கார்ந்து பேச விடுங்கள். ஒரு வாரம் பார்த்துவிட்டு உறுதி செய்யுங்கள். லீவு நாளுக்கென ஒரே பதில் ஆளை முன்கூட்டியே பழக்கி வையுங்கள். மாத்திரை, சாப்பாடு, பழக்கவழக்கம் எல்லாம் ஒரு நோட்டில் இருக்கட்டும். சம்பளத்தை வருஷா வருஷம் கூட்டுங்கள்.

முதியோர் உதவிக்கு 14567 என்ற இலவச நம்பர் காலை 8 மணி முதல் ராத்திரி 8 மணி வரை இயங்குகிறது. ஆனால் நல்ல ஆளைத் தேடி வீட்டில் நிலைக்க வைக்கும் பொறுப்பு இன்று வரை எந்த ஆபீசிடமும் இல்லை. 2019-ல் பிறந்த தென்காசி மாவட்டம் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுமா என்பதே கேள்வி.